நேர்முகத் தேர்வில் ஒதுக்கினால் வழக்குப் போடலாமா?

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பு பிழைப்புக்கான வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பருத்தி, மக்காச்சோளக் காடு, சிமென்ட் ஆலை, அரசு உத்தியோகம். இல்லாவிட்டால் சிங்கப்பூர், வளைகுடா. இப்போது நாரணமங்கலத்தில் டயர் ஆலை இருக்கிறது. எறையூர் சிப்காட்டில் 2023 நவம்பரில் காலணிப் பூங்கா திறக்கப்பட்டது. ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவானின் டீன் ஷூஸ் நிறுவனத்துக்கு 2024 நவம்பர் 15 அன்று முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். 15,000 பேருக்கு வேலை, அதில் பெரும்பாலோர் பெண்கள் என்பது அறிவிப்பு. வீட்டிலேயே முதல் ஆளாகப் பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இரு மாவட்டங்களிலும் பெருகிக்கொண்டே போவார்கள். அவர்களில் சிலருக்கு, செய்யப்போகும் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால் கதவு சாத்தப்படும். இந்த ஆலைகள் அப்படிச் செய்கின்றன என்று சொல்ல வரவில்லை. ஆள் எடுக்கும் இடம் எதிலும் நடக்கக்கூடியது அது. அப்போது வழக்குப் போடலாமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு வேலையென்றால் காலம் தாழ்த்தாமல் நீதிமன்றம் போகலாம். தனியார் வேலையென்றால், சட்டம் பெயர் சொல்லிக் காக்கும் சில வகையினரைத் தவிர்த்து, தனி ஆளாக வழக்குக்குப் போவது பெரும்பாலும் கைப்பணத்துக்குக் கேடு. ஆனால் வழக்குதான் வீண், புகார் வீண் அல்ல. சரியான ஆதாரத்தோடு சரியான மேசைக்குப் போகும் புகார், வழக்கு சாதிக்காததைச் சாதிக்கக் கூடும்.

ஏன் இப்படிப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது? அரசியலமைப்பின் 14, 15(1), 16 ஆகிய பிரிவுகள் அரசைத்தான் கட்டுப்படுத்துகின்றன. சாதி, மதம், பால், பிறந்த இடம் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது என்ற கட்டளை கலெக்டர் அலுவலகத்துக்கும் தேர்வாணையத்துக்கும் பொதுத்துறை ஆலைக்கும் உண்டு. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஆள் எடுக்கும் ஏஜென்சிக்கு நேரடியாக இல்லை. வேலையிலும் தொழிலிலும் பாகுபாடு கூடாது என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் எல்லாக் காரணங்களையும் சேர்த்துத் தனியார் துறைக்கும் பொருந்தும்படி ஒரு பொதுச் சட்டம் இன்று வரை வரவில்லை. சசி தரூர் 2017-ல் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகாமலே போனது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பாகுபாடு நடந்திருக்கலாம் என்று கருத இடம் தரும் உண்மைகளை விண்ணப்பதாரர் காட்டிவிட்டால், இல்லை என்று நிரூபிக்கும் சுமையை நிறுவனத்தின் தலையில் ஏற்றுகிறது. அங்கே தீர்ப்பாயத்துக்குப் போனவர்களின் வெற்றியைப் படித்துவிட்டு இங்கே வக்கீலைத் தேடுகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. இங்கே பெரும்பாலான காரணங்களுக்கு அந்தச் சுமை உங்கள் தலையில்தான் இருக்கிறது. தொழிலாளர் நீதிமன்றமும் கைகொடுக்காது. வேலையில் சேராதவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே அல்ல. இன்னாருக்கு வேலை கொடு என்று தனியார் நிறுவனத்துக்கு உரிமையியல் நீதிமன்றம் உத்தரவிடுவதும் நடக்கிற காரியமல்ல.

தமிழ்நாட்டில் இதற்குக் கிடைத்த ஆகப் பெரிய பாடம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான். ஐபோன் பொருத்தும் அந்த ஆலை, பொருத்தும் பிரிவு வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 ஜூன் 25 அன்று விரிவாக எழுதியது. வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்த இரு சகோதரிகளை வாசலில் காவலாளி கேட்ட ஒரே கேள்வி, கல்யாணம் ஆகிவிட்டதா என்பது. ஆகிவிட்டது என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேருந்து நிலையத்திலிருந்து கூட்டிவந்த ஆட்டோக்காரரே அதை முன்கூட்டிச் சொன்னதாகவும் அந்தச் செய்தியில் இருந்தது. அப்படியொரு கொள்கை இல்லை என்று நிறுவனம் மறுத்தது. 2022-ல் சில ஏஜென்சிகள் செய்த தவறைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னது. மறுநாளே ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம், 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஐந்தாம் பிரிவைச் சுட்டிக்காட்டி, மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. ஆலைக்குப் போன அதிகாரிகளிடம் நிறுவனம் கொடுத்த கணக்கு: மொத்த ஊழியர் 41,281, பெண்கள் 33,360, அவர்களில் மணமானவர்கள் 2,750. பாகுபாடு இல்லை என்பதற்கு இதுவே சான்று என்ற தோரணையில் அறிக்கை போனது. ஆணையம் அதை ஏற்கவில்லை. உள்ளே இருப்பவர்களை எண்ணினீர்களே தவிர, ஆள் எடுத்த ஆவணங்களைப் பார்த்தீர்களா என்பதே அது எழுப்பிய ஆட்சேபம்.

அந்த ஆட்சேபத்தில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆள் எடுக்கும்போது நடக்கும் பாகுபாட்டின் தடயம் ஆலைக்குள் இருக்காது. வாசலுக்கு வெளியே, விளம்பரத்திலும் ஏஜென்சியின் செல்போனிலும் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் நினைவிலும் இருக்கும். அதை எடுத்து வைப்பவர் யாரும் இல்லையென்றால் எந்த அதிகாரி வந்தாலும் உள்ளே இருக்கும் பதிவேட்டைத்தான் புரட்டுவார். ஃபாக்ஸ்கான் விவகாரத்தில் அசைவு ஏற்பட்டது ஒரு விண்ணப்பதாரர் போட்ட வழக்கால் அல்ல. விளம்பரங்களும் ஏஜென்சிக்காரர்களின் வாக்குமூலங்களும் பல பெண்களின் அனுபவங்களும் ஒரே இடத்தில் சேர்ந்ததால். அதே ஆண்டு நவம்பரில் வந்த செய்திப்படி, வயது, பால், மணநிலை பற்றிய நிபந்தனைகளை விளம்பரத்தில் போடக் கூடாது என்று ஏஜென்சிகளுக்குச் சொல்லப்பட்டது. நிறுவனத்தின் பெயரையும் போடக் கூடாது என்று சொல்லப்பட்டது. முதல் பாதி நல்ல செய்தி. இரண்டாவது பாதியை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்திலிருந்து ஒரு வாசகம் போய்விட்டால் வழக்கமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஆதாரம் போய்விட்டது என்றும் அர்த்தமாகலாம். அதனால் ‘திருமணமாகாத பெண்கள் மட்டும்’ என்ற வரியோடு ஒரு சுவரொட்டியோ வாட்ஸ்அப் செய்தியோ கண்ணில் பட்டால், வேலை வேண்டுமோ வேண்டாமோ, அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

கல்யாணத்தை நேரடியாகக் கேட்பார்கள். சாதியை அப்படிக் கேட்பதில்லை. நம் பக்கம் அதற்கு வேறு வழி இருக்கிறது. எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும், எந்தத் தெரு, ஊருக்குள்ளேயா காலனியா என்று அடுத்த கேள்வி வரும். அப்பா என்ன வேலை, குலதெய்வம் எங்கே என்று நீளும். 2011 கணக்கெடுப்புப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர், அரியலூரில் 23 பேர் பட்டியல் சாதியினர். அவர்களில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் யாருக்கும் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை. பெருநிறுவனங்களில் இதே கேள்வி ‘குடும்பப் பின்னணி’ என்ற மரியாதையான உடையில் வரும். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு, திறமையைத்தான் பார்க்கிறோம் என்று சொன்ன அதே வாய்கள் குடும்பப் பின்னணியை எவ்வளவு முக்கியமாகக் கருதின என்பதைக் காட்டியது. அதே ஆண்டில் வந்த தோரட், அட்டெவெல் ஆய்வு இன்னும் அழுத்தமானது. ஒரே மாதிரித் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி, 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர் கொண்டவருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஒன்று என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

இந்த எண்களைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் காட்ட முடியாதா என்று கேட்கலாம். முடியாது. ஆய்வு சொல்வது கூட்டத்தைப் பற்றி. வழக்கு கேட்பது உங்களைப் பற்றி. ஆயிரம் விண்ணப்பங்களை அடுக்கினால் பளிச்சென்று தெரியும் பாகுபாடு, ஒரே ஒரு விண்ணப்பத்தில் கண்ணுக்கே தெரியாது. நிறுவனம் ‘இவரைவிடத் தகுதியானவர் கிடைத்தார்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். தவிர, எல்லாத் துறையிலும் ஒரே நிலவரம் இல்லை. டெல்லி வட்டாரத்தில் அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோர் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில், மென்பொருள் வேலைக்கான அழைப்பில் சாதிப் பாகுபாடு தென்படவில்லை. கால்சென்டர் வேலையில்தான் வித்தியாசம் தெரிந்தது. எனவே வேலை கிடைக்கவில்லை என்பதாலேயே ஒதுக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு. மேசைக்கு எதிரே இருந்தவர் சொன்ன சொல், காட்டிய ஆவணம், உங்களோடு வரிசையில் நின்ற இன்னொருவரிடம் நடந்துகொண்ட விதம், இவற்றில் ஒன்றாவது கையில் இருந்தால்தான் சந்தேகம் புகாராகும். இதன் மறுபக்கம், ஒரே ஏஜென்சியால் ஒரே காரணம் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவுக்கு இருக்கும் பலம், ஐந்து பேரும் தனித்தனியாக ஐந்து வக்கீல்களிடம் போனால் வராது.

சட்டம் பெயர் சொல்லிக் காக்கும் வகையினர் என்றேன். முதலில் பெண்கள். சம ஊதியச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் பிரிவு, ஒரே மாதிரி வேலைக்கு ஆள் எடுப்பதில் பால் அடிப்படையில் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. இது தனியாருக்கும் பொருந்தும். மணநிலை என்ற சொல் அதில் இல்லை. ஆனால் பெண்ணிடம் கேட்டு ஆணிடம் கேட்காத கேள்வி பால் பாகுபாடுதான் என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. ராணுவச் செவிலியராக இருந்து, திருமணம் செய்துகொண்டதற்காக 1988-ல் வேலையிழந்த செலினா ஜானுக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பெண்ணின் திருமணத்தைக் காரணம் காட்டும் விதி அப்பட்டமான பாகுபாடு என்றே பார்த்தது. அந்தத் தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரியில். 36 ஆண்டுகள்! அதுவும் எதிர்த்தரப்பு அரசு என்பதால் அரசியலமைப்பைப் பிடித்துக்கொண்டு போராட முடிந்தது. தனியார் ஆலையின் மீது ஊதியத் தொகுப்பின் கீழ் நடவடிக்கை எடுத்தாலும் முதல் முறைக்கான அபராதத்தின் உச்சம் 20,000 ரூபாய். அது அரசுக்குப் போகுமே தவிர உங்களுக்கு வராது. நீதிமன்றத்தில் குற்றப் புகாரைக் கொடுக்க வேண்டியவர்களும் அரசு அதிகாரி, ஊழியர், பதிவுபெற்ற தொழிற்சங்கம் ஆகியோர்தாம். வேலையே கிடைக்காதவருக்கு உள்ள நடைமுறை வழி, தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திடமோ எழுத்தில் கொடுப்பது. இதை விட்டுவிட்டு உயர் நீதிமன்றம், நஷ்டஈடு என்று யாராவது ஆசை காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு நிலைமை சற்றுத் தேவலை. 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. மாநில ஆணையருக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரங்கள் உண்டு. தேர்வில் ஒதுக்கியதாகப் பட்டால், முதலில் அந்த நிறுவனத்திடம் அதன் சம வாய்ப்புக் கொள்கையின் நகலைக் கேட்டு ஒரு வரிக் கடிதம் அனுப்புங்கள். கொடுத்தால் அதில் எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி உங்கள் ஆதாரம். கொடுக்காவிட்டால் அந்த மௌனமே ஆதாரம். எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு முன்நிபந்தனையாக வைப்பதை 2017ஆம் ஆண்டின் தனிச்சட்டம் தடை செய்கிறது. திருநர்களுக்கு 2019 சட்டம் ஆள் எடுப்பது உட்பட வேலை தொடர்பான எல்லாவற்றிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. அது வெறும் காகிதமாகவே கிடந்ததை ஜேன் கௌஷிக் வழக்கில் 2025 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. பணி ஆணை கொடுத்துவிட்டு, திருநங்கை என்று தெரிந்ததும் சேர்த்துக்கொள்ள மறுத்த குஜராத் பள்ளி 50,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. சட்டத்தை நடைமுறைப்படுத்தாத அரசுகளும் தப்பவில்லை. தனியார் நிறுவனத்தின் மறுப்புக்கு எதிராக இந்தியாவில் கிடைத்த அரிய வெற்றி அது. வெற்றிக்குக் காரணம், மறுப்புக்கு முன்பே பணி ஆணை என்ற காகிதம் அவர் கையில் இருந்தது.

பட்டியல் சாதியினருக்கு உள்ள சட்டங்களைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் தவறான யோசனைகள் அதிகம் உலவுகின்றன. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தனிமனிதரையும் கட்டுப்படுத்தும். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமை காரணமாக ஒருவரை எந்த வேலையிலும் சேரவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. அதன் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர் ஒருவருக்கு எதிராக அந்தச் செயல் நடந்திருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அது தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது. நிரூபிக்கும் சுமை எதிராளிக்கு மாறும் இந்த இடம் பல வக்கீல்களுக்கே ஞாபகத்தில் இருப்பதில்லை. 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் வேலையைத் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். ஆனால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதற்கான பிரிவுக்கு, அது பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது பேசியது அதில் அடங்காது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நேர்முகத் தேர்வு நடப்பது பெரும்பாலும் கதவு சாத்திய அறையில். எனவே அவமதித்தார்கள் என்ற பிரிவை மட்டும் நம்பிப் போவதைவிட, வேலையைத் தடுத்தார்கள் என்ற பிரிவைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். காலனியா என்று கேட்டது மட்டும் போதாது. கேட்ட பிறகு என்ன செய்தார்கள் என்பதும் மனுவில் இருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, உள்ளூர்க்காரன் என்பதால் எடுக்கவில்லை என்ற குறை, நிலம் கொடுத்த ஊர்களில் எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், பாகுபாட்டுச் சட்டத்தில் இடம் இல்லாதது. ஹரியானா அரசு 75 விழுக்காடு உள்ளூர் ஒதுக்கீட்டுக்குப் போட்ட சட்டத்தையே உயர் நீதிமன்றம் 2023-ல் ரத்து செய்தது. அந்தக் குறைக்கு மேசை வேறு: நிலம் எடுத்தபோது எழுதிய ஒப்பந்தமும் அரசியலும்.

அரசு வேலைக்கு வருவோம். இங்கே நீதிமன்றம் உண்மையிலேயே கதவைத் திறக்கும். சார்பு ஆய்வாளர் தேர்வுக்கான விண்ணப்பத்திலேயே நிராகரிக்கப்பட்ட திருநங்கை பிரித்திகா யாஷினி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார், 2015 நவம்பரில் சாதகமான தீர்ப்பு வந்தது, 2017-ல் பொறுப்பேற்றார். நேர்முகத் தேர்வு மதிப்பெண் 15 விழுக்காட்டுக்கு மேல் போனால் தன்னிச்சையாகிவிடும் என்று, கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1980-ல். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. மதன் லால் வழக்கு (1995), நடைமுறையைத் தெரிந்தே நேர்முகத்துக்குப் போய்விட்டு, தோற்றபின் நடைமுறையே தவறு என்று திரும்ப முடியாது என்கிறது. 2019-ல் மீதா சஹாய் வழக்கு இதற்கு ஒரு விலக்கு தந்தது: சட்டவிதியையே தவறாகப் புரிந்துகொண்டு பாகுபாடு செய்திருந்தால், தேர்வில் கலந்துகொண்டவரும் கேட்கலாம். ஆகவே அறிவிப்பிலேயே கோளாறு தெரிந்தால் தேர்வுக்கு முன்பே ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்பிவிடுவது நல்லது. முடிவு வந்ததும், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போட்டு உங்கள் நேர்முக மதிப்பெண்ணைக் கேளுங்கள். 2016-ல் கேரளத் தேர்வாணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் மதிப்பெண்ணைத் தரலாம், மதிப்பிட்டவர் பெயரைத் தர வேண்டாம் என்று தெளிவாக்கியிருக்கிறது. இன்னொன்று: திருச்சி பக்கம்தானே என்று மதுரைக் கிளையை நினைத்துக்கொள்ளாதீர்கள். பெரம்பலூரும் அரியலூரும் சென்னையின் முதன்மை அமர்வுக்கு உட்பட்டவை. வாய்தாவுக்கு வாய்தா பேருந்துச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இதற்கெல்லாம் இரண்டு எதிர்ப்புகள் வரும். யாரும் வழக்குப் போடாவிட்டால் எப்படித்தான் மாறும் என்பது முதலாவது. ஏர் இந்தியா பணிப்பெண்களும் வெளியுறவுப் பணியின் முத்தம்மாவும் எல்.ஐ.சி.யின் நீரா மாத்தூரும் வழக்குப் போட்டுத்தானே விதிகளை உடைத்தார்கள்? மறுக்கவில்லை. நீரா மாத்தூர் வழக்கால்தான் மாதவிலக்கு, கர்ப்பம் பற்றிய கேள்விகளைப் படிவத்திலிருந்து நீக்கும்படி 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மூவருமே வேலைக்குள் இருந்தவர்கள். மூன்றிலும் எதிரே இருந்தது அரசு அல்லது அரசு நிறுவனம். உடைக்க வேண்டிய விதி எழுத்தில் இருந்தது. தனியார் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவரிடம் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. அவரைத் தியாகியாக்கிவிட்டு நாம் தீர்ப்பை எதிர்பார்ப்பது நியாயமல்ல. இரண்டாவது எதிர்ப்பு பெற்றோரிடமிருந்து வரும்: சின்ன ஊர், புகார் கொடுத்தால் பெயர் கெட்டுவிடும், வேறெங்கும் எடுக்க மாட்டார்கள். இது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல, உண்மையான கணக்கு. அதற்குப் பதில் வாயை மூடிக்கொள்வது அல்ல, தனியாகப் போகாமல் இருப்பது. தொழிற்சங்கமோ மாதர் அமைப்போ கொடுக்கும் மனுவில் உங்கள் பெயர் முதல் வரியில் இருக்க வேண்டியதில்லை. காலணி ஆலைகள் விஷயத்தில் இன்னொரு வழியும் உண்டு. பெரிய பிராண்டுகள் பல, தங்களுக்குச் செய்து தரும் ஆலைகளுக்கு நடத்தை விதிகள் வைத்து, புகார் முகவரியும் தந்திருக்கின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஒரு மின்னஞ்சலுக்கு ஆலை நிர்வாகம் தரும் மரியாதையை 20,000 ரூபாய் அபராதம் வாங்கித் தராது.

மனுவை எப்படி எழுதுவது? ‘என்னைக் கேவலப்படுத்தி அனுப்பிவிட்டார்கள், நடவடிக்கை எடுக்கவும்’ என்றால் அது கோப்பில் தூங்கும். ‘மே 12 காலை 10.40 மணி. மேசையில் இருவர். மூன்றாவது கேள்வியாகக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றார்கள். ஆம் என்றதும் பயோடேட்டாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு அடுத்து வந்த ஆணிடம் இதைக் கேட்கவில்லை. அவர் பெயர் இது’ என்று எழுதினால் அதிகாரிக்கு விசாரிக்க ஏதாவது இருக்கும். இதை அன்று இரவே ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தியைப் படமெடுத்ததோடு நில்லாமல் அது வந்த செல்போனையும் அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக்க 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். வக்கீல் நோட்டீஸை முதல் வேலையாக அனுப்பாதீர்கள். நம் ஊரில் எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை அதுதான். அது கைக்குப் போன அன்றே ஏஜென்சியின் விளம்பரம் காணாமல் போகும்.

மனுவின் ஒரு நகலைத் தொழிலாளர் உதவி ஆணையரிடமும், இன்னொன்றைத் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ஒப்புகை எண் வாங்குங்கள். எழுத உதவி தேவையென்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டம். மூன்று மாதத்தில் அசைவில்லை என்றால் மனித உரிமை ஆணையத்துக்கோ, பட்டியல் சாதியினராக இருந்தால் அவர்களுக்கான ஆணையத்துக்கோ அதே மனுவை ஒப்புகையோடு அனுப்புங்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் மனித உரிமை ஆணையம் அதை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.